மழை நாளில் குறைந்த பால்

மழை பெய்கிற நாளில் என் மனைவி சுலக்ஷனாவுக்குப் பால் குறைந்தது. வெயில் அடிக்கிற நாளில் திரும்ப ஊறியது. இது ஏன் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மெஷின் பழுது பார்க்கிற வேலையில் அப்போது இருந்தேன். ஒரு மெஷின் நின்றுபோனால், அது ஏன் நின்றது என்று தெரிகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. ரோலர் மழை நாளில் மட்டும் நிற்கிறது என்றால், எங்கேயோ ஈரம் இறங்குகிறது என்று வயரைப் பிடித்துக்கொண்டே போய்க் கண்டுபிடித்துவிடலாம். வானத்துக்கும் தாய்ப்பாலுக்கும் நடுவில் எந்த வயர் ஓடுகிறது?

இப்போது நாங்கள் ஹட்டன் டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். தனுஷிகா பள்ளிக்கூடம் போகிறாள். எங்கள் வீட்டுக் கூரை கொங்கிரீட். மழை பெய்வதே தெரியாது. ஜன்னலைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். அப்போது நாங்கள் இருந்தது தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், ஒரு காம்பரா. அதன் தகரக் கூரையில் ஆடி மாத மழை விழுந்தால் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவது கேட்காது. அடுப்பங்கரையில் கொடி கட்டி, மலையில் மழைக்குக் கட்டி நனைந்த படங்கையும் சாக்கையும் காயப் போட்டிருப்போம். புகையும் ஈரச் சாக்கும் கலந்து ஒரு வாடை வரும். அந்த வாடைக்கு நடுவில் உட்கார்ந்து சுலக்ஷனா பிள்ளைக்குப் பால் கொடுப்பாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்த ஆடி மாதத்தில் நானும் அவளும் என் அம்மாவும் பயந்துபோய்த்தான் இருந்தோம்.

தனுஷிகாவுக்கு அப்போது ஐந்து மாதம். பிரசவ லீவு முடிந்து சுலக்ஷனா மறுபடி கொழுந்து எடுக்கப் போகத் தொடங்கியிருந்தாள். காலையில் பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு மலைக்குப் போவாள். தோட்டத்தில் பிள்ளை மடுவம் என்றால், வேலைக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற கட்டடம். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். பால் கொடுக்கிற தாய்மார் வேலைக்கு நடுவில் இறங்கி வந்து கொடுத்துவிட்டுப் போகலாம். அதற்குக் கங்காணி ஒன்றும் சொல்ல முடியாது. கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, பெண்கள் ஓடி வருகிற ஓட்டத்தை ஸ்டோர் ஜன்னலில் இருந்து நான் பார்ப்பேன். யாருடைய பிள்ளை அழுகிறது என்று அவர்களுக்கு மலையிலேயே தெரிந்துவிடும் போலிருக்கும்.

மழை நாளில் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பிள்ளை ஒரே அழுகை.

"இங்க வந்து பாருங்க. உறிஞ்சுறா, உறிஞ்சுறா, ஒண்ணும் வரல. நேத்து சட்டையெல்லாம் நனைஞ்சு கெடந்துச்சு. இன்னைக்கு என்னா வந்துச்சு இதுக்கு?" என்பாள் சுலக்ஷனா.

"குளிருதான். மாருல குளிரு அடிச்சா பாலு உள்ளுக்குள்ளயே நின்னுக்கும்" என்பார் என் அம்மா. அம்மாவின் பெயர் அழகம்மா. அவரும் அதே மலையில் கொழுந்து எடுத்து எங்களை வளர்த்தவர். "டேய் விஜி, நாளைக்கி டவுனுக்குப் போயி ஒரு பால்மா டின் வாங்கிட்டு வா."

"ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான்னு மிஸ் சொல்லியிருக்காங்க அத்தை."

"மிஸ்ஸா வந்து ஒம்புள்ளைக்குப் பால் குடுக்கப் போறா?"

மிஸ் என்றால் எங்கள் டிவிஷனுக்கு வருகிற மிட்வைஃப். நோர்வூட் பக்கத்துப் பெண். அந்த மாதம் பிள்ளை மடுவத்தில் தராசில் தனுஷிகாவைப் போட்டுப் பார்த்துவிட்டு அவர் முகம் மாறியது. போன மாதம் இருந்த நிறையேதான். அடுத்த முறையும் ஏறாமல் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பித்தான் பார்க்கவேண்டும் என்றார். வீட்டு முன் திண்ணையான ஸ்தோப்பில் வந்து உட்கார்ந்ததும் சுலக்ஷனா சொன்னாள்:

"எம்புள்ள வயித்தக்கூட என்னால நிரப்ப முடியலங்க."

அதன்பிறகு நான் இதை மெஷின் மாதிரியே கையில் எடுத்துக்கொண்டேன். மிஸ் ஒரு தடவை சொல்லியிருந்தது எனக்கு மிகவும் பிடித்துப்போன விஷயம்: தாய்ப்பால் தொட்டியில் நிரம்பியிருக்கிற தண்ணீர் அல்ல, எவ்வளவு இறைக்கிறோமோ அவ்வளவு ஊறும் கிணறு. பிள்ளை குடித்துக் காலி செய்தால் 'இன்னும் வேண்டும்' என்று உடம்புக்குச் செய்தி போகிறது. அடிக்கடி காலியானால் அதிகம் ஊறும். வெகுநேரம் தேங்கி நின்றால், போதும் என்று உடம்பு கையைக் கட்டிக்கொள்ளும்.

எனக்கு உடனே ஒன்று தோன்றியது. மழை நாளில் மலைப் பாதை வழுக்கும். பிள்ளை மடுவத்துக்கு வரத் தாமதமாகும். இடைவெளி கூடும். பால் தேங்கும். ஊறுவது குறையும். கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! அன்று மாலையே எங்கள் கங்காணி செல்லசாமி அண்ணனைப் பிடித்து, மழை முடிகிற வரைக்கும் சுலக்ஷனாவைப் பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்து மலையில் போடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"ஒன் பொண்டாட்டிக்காக மலைய நகத்தி வைக்கச் சொல்லுவ போலயே" என்று சிரித்துவிட்டு, அவர் அப்படியே செய்தார்.

அடுத்த மழைக்கு அவள் நேரத்துக்கு வந்தாள். சொல்லப்போனால் வெயில் நாளைவிட ஒரு தடவை அதிகமாகவே வந்து பால் கொடுத்தாள். சாயங்காலம் பிள்ளை பழையபடி அழுதது. என் அழகான கணக்கு அதோடு போயிற்று.

அம்மாவும் சும்மா இருக்கவில்லை. வெள்ளைப்பூண்டை உரித்து உரித்துக் குழம்பு வைத்தார். முருங்கைக்கீரை தேடிக் கீழ் டிவிஷனுக்கு நடந்தார். தன்னுடைய கம்பளிச் சட்டையை மருமகளுக்குப் போட்டு, அதற்கு மேல் படங்கைக் கட்டி அனுப்பினார். சுலக்ஷனா மலையில் உருண்டை உருண்டையாக நடந்து போவதைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். உடம்பு சூடாகத்தான் இருந்தது. பால் வரவில்லை. ஆகவே குளிரும் அல்ல.

விடை எங்கள் காம்பராவின் சுவருக்கு மேலாக வந்தது.

பழைய லயங்களில் இரண்டு காம்பராவுக்கு நடுச் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே கை நுழைகிற அளவு இடைவெளி இருக்கும். அடுத்த வீட்டு இருமல், சண்டை, ரேடியோ எல்லாம் அதன் வழியாக வந்துவிடும். உப்பு, தீப்பெட்டி, மிளகாய்த்தூள் எல்லாம் அதே வழியாகப் போகும். அந்தப் பக்கம் இருந்தவர்கள் நிஷாந்தியும் அவள் புருஷன் லோஜனும். நிஷாந்தி அப்போது இரண்டு மாதக் கர்ப்பம்.

"அக்கா, அந்த மூக்கு மாத்திர இருக்கா? இவருக்கு ராத்திரியெல்லாம் மூக்கு அடைச்சுக்கிட்டு ஸ்டோர் மெஷினு ஓடுற மாதிரி கொறட்ட. எனக்கும் மூக்கு ஒழுகிக்கிட்டே இருக்கு."

சுலக்ஷனா அட்டையோடு எடுத்துச் சுவருக்கு மேலே நீட்டினாள். இரண்டு நாள் நல்ல வெயில். மூன்றாம் நாள் விடியும்போதே மழை பிடித்தது. அவள் ஸ்டூலில் ஏறிக் கேட்டாள்:

"நிஷா, அட்டையக் குடு. பெரட்டுக்கு நேரமாச்சு."

"ஐயோ அக்கா, அத செல்லசாமி அண்ணன் வாங்கிட்டுப் போயிட்டாரே. கடைசிக் காம்பராவுல இருக்கு."

காலைப் பெரட்டில், அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்தில், பிந்தினால் அன்றைய பெயர் போய்விடும். கடைசிக் காம்பரா வரை போய்க் கேட்க நேரமில்லை. சுலக்ஷனா மூக்கை உறிஞ்சிக்கொண்டே மலைக்குப் போனாள்.

அன்று பிள்ளை மடுவத்தில் நடந்ததை அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அந்தோனியம்மா பிறகு லயமெல்லாம் சொல்லிச் சிரித்தார். சுலக்ஷனா மூக்கடைப்போடு "எம்புள்ள எங்க ஆயம்மா?" என்று கேட்டிருக்கிறாள்.

"என்னாடி இது, பேசுறியா, பஸ் ஹாரன் அடிக்கிறியா?" என்றாராம் இவர். "வாயத் தொறந்து வச்சுக்கிட்டே பால் குடு. மூச்சு முட்டி விழுந்துட்டா ரெண்டு பேரையும் நான்தான் தூக்கணும்."

தனுஷிகா குடித்தாள். குடித்துக்கொண்டே இருந்தாள். கடைவாயில் பால் வழிந்தது. ஒரு பக்கம் முடிவதற்குள் தூங்கிப்போனாள்.

"அடியே, வெளிய பாரு, மழைதானே பெய்யுது?" என்றார் அந்தோனியம்மா. "பின்ன எப்படி ஒம்மவ ஏப்பம் விட்டுட்டுத் தூங்குறா?"

மறுநாளும் மழை, மறுநாளும் பால். மூன்றாம் நாளும் அப்படியே. அன்று சாயங்காலம் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுலக்ஷனா என்னைக் கூப்பிட்டாள்.

"மெஷினு நின்னா நீங்க என்ன செய்வீங்க?"

"எப்ப ஓடுச்சு, எப்ப நின்னுச்சுன்னு பாப்பேன். ரெண்டுக்கும் நடுவுல எது மாறிச்சுன்னு தேடுவேன். ஒண்ணே ஒண்ணுதான் மாறியிருந்தா, அதுதான் காரணமா இருக்கும்."

"மழை மாறல. மலை மாறல. சாப்பாடு அதே பூண்டுக் கொழம்பு. இந்த மூணு நாளும் மூக்கு மட்டும் அடைச்சுக் கெடக்கு." மடியில் நழுவிய பிள்ளையைச் சரியாக்கிக்கொண்டாள். "நான் மாத்திர போடல."

எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

மாத்திரையை அனுப்பியது அவளுடைய அண்ணன் ஜெயகாந்தன். கட்டாரில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை பார்சல் அனுப்புவார்: சோப்பு, ஷம்போ, டோர்ச், பேரீச்சம்பழம், அதோடு அங்கே சளிக்கு வாங்குகிற மாத்திரை. மழை நாளில் காலைக் குளிரில் சுலக்ஷனாவுக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும். சாயத்தண்ணி என்கிற வெறுந்தேநீரோடு ஒன்று போட்டால் மலை ஏறுவதற்குள் மூக்கு திறந்துவிடும். வெயில் நாளில் மூக்கு அடைக்காது, மாத்திரையும் போடமாட்டாள். மழைக்குப் பின்னால் மாத்திரை ஒளிந்துகொண்டிருந்தது. நாங்கள் மழையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் செல்லசாமி அண்ணன் வீட்டுக்குப் போய் அட்டையைக் கேட்டேன்.

"அருமையான மாத்திர தம்பி! மூக்கு பைப்பு மாதிரி தொறந்துருச்சு. என்ன, தூக்கந்தான் வரல. நெஞ்சு வேற ஸ்டோர் இஞ்சின் கணக்கா அடிச்சுக்கிட்டு இருந்துச்சு" என்றார்.

அவருக்குப் பிரஷர் உண்டு. மிச்சம் இருந்ததை வாங்கிக்கொண்டு நானும் சுலக்ஷனாவும் பிள்ளை மடுவத்துக்குப் போனோம். மிஸ் வந்திருந்தார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"சுலக்ஷனா, மருந்து ஏதாச்சும் போடுறியான்னு நான் ரெண்டு தடவ கேட்டேனே?"

"மருந்து ஒண்ணும் போடல மிஸ். இது அண்ணன் அனுப்பினது."

மிஸ் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. அவருக்கு எங்களைத் தெரியும். தோட்டத்தில் மருந்து என்றால் மருந்து காம்பராவில் வரிசையில் நின்று வாங்குவது. பார்சலில் சோப்போடும் பேரீச்சம்பழத்தோடும் வந்தது சாமான். அதை யாராவது மருந்துக் கணக்கில் சேர்ப்பார்களா? லயத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் சுலக்ஷனா சொன்ன பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மிஸ் சுகாதார ஆபீஸ் டொக்டருக்கு ஃபோன் போட்டு, அட்டையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார். பேசி முடித்துவிட்டு எங்களுக்கு விளக்கினார். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதை இன்றைக்கும் யார் கேட்டாலும் ஆசையாகச் சொல்வேன்.

மூக்கு அடைப்பது சளியால் மட்டும் அல்ல. மூக்கின் உள்ளே இரண்டு பக்கமும் பஞ்சு மாதிரி சதை இருக்கிறது. அதற்குள் மெல்லிய இரத்தக் குழாய்கள். குளிர் காற்று நுரையீரலுக்குப் போவதற்கு முன்பு அதைச் சூடாக்கி ஈரமாக்குவது இவற்றின் வேலை. குளிர் கூடினால் குழாய்களில் அதிகம் இரத்தம் நிரம்புகிறது, பஞ்சு வீங்குகிறது, வழி அடைக்கிறது. கர்ப்பக் காலத்தில் உடம்பில் இரத்தம் கூடுவதால் சளி, தடிமன் எதுவும் இல்லாமல்கூடச் சிலருக்கு மாதக்கணக்கில் மூக்கு அடைத்திருக்கும். இந்த மாத்திரை அந்தக் குழாய்களைச் சுருக்குகிறது. பஞ்சு வற்றி வழி திறக்கிறது. ஆனால் விழுங்கின மாத்திரை இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது. மூக்குக்கு மட்டும் என்று விலாசம் எழுதி அனுப்ப முடியாது. இதயம் வேகமாக அடிக்கிறது, பிரஷர் ஏறுகிறது, தூக்கம் கெடுகிறது. பால் கொடுக்கிற தாய்க்கு ஒரே ஒரு மாத்திரைகூட அன்றைக்கு ஊறுகிற பாலைக் குறைத்துவிடலாம். பால் ஊறச் சொல்லி மூளையிலிருந்து வருகிற செய்தியை அது மட்டுப்படுத்துகிறது என்று நினைக்கிறார்களாம். எப்படி என்பது இன்னும் முழுக்கத் தெளிவாகவில்லையாம்.

"அப்போ பாலுல போயி புள்ளைக்கு ஏதும் ஆயிருக்குமா மிஸ்?" சுலக்ஷனா கேட்டாள்.

"பாலுக்குள்ள போறது ரொம்பக் கொஞ்சம். சில புள்ளைங்க தூங்காம சிணுங்கும், அவ்வளவுதான். பால் கொறைஞ்சதுதான் இங்க பிரச்சன. ஒன்னோட ஒடம்புல எந்தக் கொறையும் இல்ல சுலக்ஷனா. அத மட்டும் மனசுல இருந்து எடுத்துப் போடு."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தோனியம்மா எழுந்து வந்து அவள் முதுகில் ஒன்று வைத்தார். "அழுவுறத நிறுத்துடி. ஏற்கனவே மூக்கு அடைச்சிருக்கு."

அப்போதுதான் சுலக்ஷனாவுக்கு ஞாபகம் வந்தது. "மிஸ், நிஷாந்தியும் வாங்கினா. அவ ரெண்டு மாசம் முழுகாம இருக்கா."

மிஸ் குடையை எடுத்துக்கொண்டு எங்களோடு லயத்துக்கே வந்தார். நிஷாந்தி ஒன்று போட்டிருந்தாள். பயந்துபோய் நின்றாள். ஒன்று போட்டதற்காகப் பயப்படவேண்டாம், கிளினிக்கில் டொக்டரிடம் மறக்காமல் சொல்லு, இனிமேல் தொடாதே என்றார் மிஸ். வயிற்றுப் பிள்ளைக்கு உறுப்புகள் உருவாகிற முதல் மூன்று மாதம் இந்த மாத்திரையை ஒதுக்கிவிடவேண்டும். அதன்பிறகும், பிரஷர் இருந்தால் முக்கியமாக, கேட்காமல் போடக்கூடாது. கடையில் விற்கிற மூக்குச் சொட்டு மருந்து பெரும்பாலும் மூக்கிலேயே நின்றுவிடும். உடம்புக்குள் போவது குறைவு. அதையும் டொக்டர் சொன்னால் மட்டும், இரண்டு மூன்று நாளைக்கு மேல் போகாமல். நாள்கணக்காகப் போட்டால் பஞ்சு அதற்குப் பழகி, மருந்து இறங்கியதும் முன்பைவிட அதிகமாக வீங்கும். பிறகு அந்தச் சொட்டே மூக்கை அடைக்கும்.

இதையெல்லாம் அம்மா சுவர் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ குளிரு இல்லையா?" என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக.

"குளிர்லதான் அம்மா மூக்கு அடைக்குது. நீங்க பாதி கண்டுபிடிச்சிட்டீங்க" என்றார் மிஸ். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. அந்தப் பாதியைப் பற்றி அவர் இன்றைக்கும் பேசுகிறார்.

அடுத்த நிறுவையில் தனுஷிகாவின் நிறை ஏறியிருந்தது. அதன்பிறகு அந்த ஆடி முடிகிற வரைக்கும் மழை விடவில்லை. பாலும் குறையவில்லை. பால்மா டின் வாங்கவே இல்லை.

மழை நாளில் சுலக்ஷனா செய்தது இவ்வளவுதான். மாத்திரையைத் தொடவில்லை. ஒரு கிளாஸ் கொதித்து ஆறிய தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, சுத்தமான சொட்டுக் குழாயால் மூக்கின் இரண்டு துளையிலும் சில சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சிந்தினாள். தண்ணீரைத் தினமும் புதிதாகக் கரைத்தாள். படுக்கும்போது தலைக்கு இன்னொரு தலையணை வைத்தாள். மூக்கு முழுக்கத் திறக்கவில்லை. மூச்சு விடுகிற அளவுக்குத் திறந்தது. பால் எப்போதும்போல ஊறியது.